கட்சிக்குள் மதச்சார்பின்மை: மினிட் புக் எழுதுகிறவளின் குறிப்புகள்

நான் மேடையில் பேசுகிறவள் இல்லை. பத்தொன்பது வருடமாகக் கட்சிக் கூட்டங்களில் மினிட் புக் எழுதுகிறவள். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை கை உயர்ந்தது, யார் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனார் என்று எழுதி எழுதி ஐந்து தடித்த நோட்டுகள் நிரம்பிவிட்டன. மதச்சார்பின்மை என்ற சொல் இல்லாத பக்கம் அவற்றில் அபூர்வம். ஆனால் அந்தச் சொல்லால் ஏதாவது ஒன்று நிஜமாக மாறிய கூட்டங்களை எண்ணினால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவராகவோ, நம்பிக்கை இருந்தும் அதை அரசியலில் கலக்க விரும்பாதவராகவோ ஒரு கட்சிக்குள் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன். என் கட்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிற கட்சி நண்பர்களிடம் பேசியவரை, எல்லா இடத்திலும் கதை ஏறக்குறைய இதுதான்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரியுங்கள்

மதச்சார்பின்மையும் மனிதநேயமும் ஒன்றல்ல. முதலாவது ஓர் ஏற்பாடு: அரசு எந்த மதத்துக்கும் ஆள் இல்லை, எந்த மதத்துக்கும் எதிரியும் இல்லை. 'செக்யூலரிசம்' என்ற ஆங்கிலச் சொல்லை 1851இல் உருவாக்கிய ஜார்ஜ் ஹோலியோக் நம்பிக்கையற்றவர்தான். ஆனால் அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ள யாரும் நம்பிக்கையற்றவராக இருக்க வேண்டியதில்லை. மனிதநேயம், அதாவது 1952இல் ஆம்ஸ்டர்டாமில் கூடியவர்கள் பிரகடனமாக எழுதிவைத்த பொருளில், ஒரு வாழ்க்கைப் பார்வை. மேலுலக ஆணை ஏதும் இல்லாமலே அறிவையும் இரக்கத்தையும் கொண்டு மனிதர் அறத்தோடு வாழ முடியும் என்பது அதன் சாரம்.

கட்சியிடம் முதலாவதைக் கேட்கலாம். இரண்டாவதைக் கேட்கக் கூடாது. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். இதை நான் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். "மூடநம்பிக்கைச் சடங்குகளுக்குக் கட்சி நிதியைச் செலவிடக் கூடாது." ஆதரவு 7, எதிர்ப்பு 23. என் தோல்வியை என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பொருளாளர் பக்கத்தில் வந்தார். தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர். "நீ சொன்ன விஷயம் சரிதாம்மா. ஆனா அதுக்கு நான் கை தூக்கணும்னா, முதல்ல நான் முட்டாள்னு ஒத்துக்கணுமே" என்றார்.

எட்டு மாதம் கழித்து அதே விஷயம் வேறு உருவத்தில் வந்தது. "கட்சி நிதியிலிருந்து எந்த மதத்தின் வழிபாட்டுக்கும் செலவு செய்யப்படாது. உறுப்பினர்கள் தங்கள் சொந்தச் செலவில் செய்வதற்கு இது தடையல்ல." ஆதரவு 26. எதிர்ப்பு 4. முன்மொழிந்தவர் பொருளாளர். நான் வாயே திறக்கவில்லை.

பெரிய இடங்களிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பிரான்சில் அரசையும் மதத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம், அரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிக்காது, சம்பளம் தராது, மானியம் தராது என்று கறாராகச் சொல்கிறது. ஆனால் அதை நாடாளுமன்றத்தில் கொண்டுசென்ற அரிஸ்தீத் பிரியான், தேவாலயச் சொத்துகள் அந்தந்த மதத்தின் சொந்த அமைப்பு விதிகளை மதிக்கும் சங்கங்களுக்கே போகும் என்று நான்காம் பிரிவில் இடம்கொடுத்தார். சோசலிஸ்ட் தலைவர் ஜான் ஜோரெஸ் அதற்குத் துணை நின்றார். மதத்தைத் தீவிரமாக எதிர்த்தவர்கள் திட்டினார்கள். சட்டம் நிறைவேறியது, இன்றும் நிற்கிறது.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் 1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை ஓட்டுக்கு விடும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுப் பார்த்தார். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. அந்த 68 பேரும் நாத்திகர்கள் என்று நினைக்கிறீர்களா? நம்பிக்கை உள்ளவர்களே, இன்னொருவர் மேல் நம்பிக்கையைத் திணிக்கக் கூடாது என்று எதிராக நின்றார்கள். உங்கள் கட்சியிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்பிடிப்பதுதான் முதல் வேலை.

சொல்லை விதியாக்குங்கள்

கட்சியின் அமைப்பு விதிகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். முக்கால்வாசிப் பேர் படித்ததே இல்லை. பொறுப்பில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தியாவில் பதிவுபெற்ற கட்சி என்றால் அதன் விதிகளிலேயே ஒரு வாக்குறுதி இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, அரசியலமைப்புக்கும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகளுக்கும் உண்மையாக இருப்போம் என்று எழுதித் தராமல் பதிவே செய்ய முடியாது. ஆகவே நீங்கள் கேட்பது புதுச் சலுகை இல்லை. கையெழுத்துப் போட்டதை நினைவூட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

கையெழுத்து மட்டும் போதும் என்றால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. "மதச்சார்பின்மையைப் பேணுவோம்" என்ற வரியை மீற முடியாது, ஏனென்றால் அதில் மீறுவதற்கு எதுவும் இல்லை. ஒரு வரியை எழுதியதும் என்னை நானே கேட்டுக்கொள்வது இது: அடுத்த மாதம் ஒருவர் இதை மீறினால், அவர் மீறினார் என்று என்னால் மினிட் புக்கில் எழுத முடியுமா? முடியாது என்றால் அது விதி இல்லை, வாழ்த்துச் செய்தி.

தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. சுயமரியாதைத் திருமணங்கள் நாற்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தும் சட்டத்தின் முன் அவை திருமணமாக நிற்கவில்லை. அண்ணா ஆட்சிக்கு வந்ததும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், புரோகிதர் இல்லாத அந்தத் திருமணங்களுக்குச் சட்டத்தின் ஏற்பைத் தந்தது. ஏற்கெனவே நடந்தவற்றுக்கும் சேர்த்து. மந்திரம் ஓதி மணம் செய்கிறவர்களிடமிருந்து அது எதையும் பறிக்கவில்லை.

கட்சிக்குள் இப்படி விதியாக்கக்கூடிய இடங்கள் நான் பார்த்தவரை நான்கு. பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கூட்டத் தேதி சின்ன விஷயம்: எந்த உறுப்பினரின் புனித நாளிலும் முக்கிய ஓட்டெடுப்பு வைக்காதீர்கள். எங்கள் கட்சியில் அது ஒரே கூட்டத்தில் முடிந்தது. மேடை அடுத்தது. தொடக்கத்தில் ஒரு மதத்தின் பிரார்த்தனை இருந்தால் எல்லா மதத்தின் பிரார்த்தனையையும் வரிசையாக வையுங்கள் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒருமுறை அப்படிச் செய்து நாற்பது நிமிடம் போனது, நிகழ்ச்சி நிரலின் கடைசி இரண்டு பொருள்கள் தள்ளிவைக்கப்பட்டன, நம்பிக்கையற்றவர்கள் அப்போதும் வெளியேதான் நின்றார்கள். ஒரு நிமிட மௌனம் எல்லாருக்கும் பொது.

நான்காவது வேட்பாளர் தேர்வு. நிஜமான மதச்சார்பின்மை வாழ்வதும் சாவதும் இங்கேதான்.

"வெற்றி வாய்ப்பு" என்ற சொல்லைக் கவனியுங்கள். தேர்வுக் குழுவில் அதற்கு ஒரே பொருள்தான்: அந்தத் தொகுதியில் எந்த மதம், எந்தச் சமூகம் எத்தனை தலை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நான் குழுவில் இல்லை, குறிப்பெழுதத்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் தற்செயலாகக் கேட்டேன்: "வெற்றி வாய்ப்பு குறைவுன்னு எழுதச் சொல்றீங்க. காரணம்னு ஒரு வரி போட்டுக்கலாமா?" ஒருவரும் பேசவில்லை. பிறகு தலைவர் தொண்டையைச் செருமிவிட்டு அந்தப் பெயரை மறுபடி பரிசீலிக்கலாம் என்றார்.

அன்றிலிருந்து தேர்வுப் பதிவில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வைத்துக்கொண்டேன். இதற்குத் தீர்மானமே தேவைப்படவில்லை. ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். மதத்தைக் காரணமாக எழுத யாருக்கும் கை வராது, வேறு காரணம் கண்டுபிடிக்க வேண்டும், அது பொய்யாக இருந்தால் அடுத்தவர் கேட்பார். ஒவ்வொரு முறையும் நியாயம் நடந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். கட்டத்தைக் காலியாக விடச் சொன்னவர்களும் உண்டு. காலியாக விட்டால் காலியாக இருப்பது தெரியும்.

பிரசாரத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். இந்தியாவில் மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. யாருடைய மதம் என்ற குழப்பத்தை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: வேட்பாளருடைய மதம் மட்டும் இல்லை, வாக்காளருடைய மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அதுதான். ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் அப்படிச் சொன்னார்கள். ஒரு தலை வித்தியாசத்தில் நிற்கும் விதியை மேடைப் பேச்சாளர்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். பேச்சுக் குறிப்பை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள்.

படிக்கும்போது நான் செய்யும் சோதனை எளிது. வாக்கியத்தில் இருக்கும் மதத்தின் பெயரை அடித்துவிட்டு இன்னொன்றின் பெயரை எழுதிப் பாருங்கள். "இன்னாருடைய வழிபாட்டிடத்தைப் பாதுகாப்போம்" என்ற வரி பெயர் மாறியும் அதே ஆள் வாயிலிருந்து வருமா? வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்த வரி உரிமையைப் பேசவில்லை, ஆள் சேர்க்கிறது.

பக்தரை வெளியே அனுப்பாதீர்கள், இரண்டாவது பத்தி கேளுங்கள்

இளைஞர் ஒருவர் சிறைக் கைதிகளுக்கு நல்ல மருத்துவம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பக்கம் முழுக்கத் தன் வேதத்திலிருந்து மேற்கோள். நம்ம ஆட்கள் சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை, அவர் சொன்ன விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றாமல் போன விஷயம். இடைவேளையில் அவரிடம், "தம்பி, உங்க வேதத்தை நம்பாத ஒருத்தர் இதுக்கு ஏன் கை தூக்கணும்? அதை மட்டும் இரண்டாவது பத்தியா எழுதிக் கொடுங்க" என்றேன். எழுதினார். தண்டனை என்பது விடுதலையைப் பறிப்பதுதான், நோயை வளர்ப்பது இல்லை என்று எழுதியிருந்தார். ஒருமனதாக நிறைவேறியது. முதல் பத்தியை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

2006இல் செனட்டராக இருந்த ஒபாமா ஆற்றிய ஓர் உரையின் சாரமும் இதுதான்: மதத்திலிருந்து எழும் அக்கறையை, அந்த மதத்தில் இல்லாதவருக்கும் புரியும் மதிப்பீடுகளாக மொழிபெயர்த்துச் சொல்லும் கடமை ஜனநாயகத்தில் இருக்கிறது. அதற்கு முன் 1960 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் கிறிஸ்தவப் போதகர்கள் முன் நின்ற கென்னடி, தான் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் இல்லை, கத்தோலிக்கராகவும் இருக்கிற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்றார். உங்கள் வேட்பாளர் எந்த மதமானாலும் இந்த அளவு சொல்லப் பழக்குங்கள்.

வேட்பாளர் நம்பிக்கையற்றவராக இருந்தால் மறைக்காதீர்கள், பறையடிக்கவும் வேண்டாம். பதவி ஏற்பதற்கான வழியை மட்டும் முன்கூட்டிப் பார்த்துவையுங்கள். இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் கடவுள் பெயரால் ஆணையிடவும் செய்யலாம், உளமார உறுதி கூறவும் செய்யலாம். பிரிட்டனில் சார்லஸ் பிராட்லா 1880இல் நார்தாம்ப்டனில் ஜெயித்தும், நாத்திகர் என்பதால் ஆறு வருடம் நிலையான இருக்கை கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தின் மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்துவைத்தார்கள். தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே அனுப்பினார்கள். 1886இல் உள்ளே போனவர், 1888இல் உறுதிமொழிக்கு வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். அவருக்குப் பின்னால் வந்த எவருக்கும் அந்த மணிக்கூண்டு தேவைப்படவில்லை.

சமதூரம் போதாது

என் மனதில் அதிகம் உறுத்துவது இதுதான். ஒரு கட்சி எல்லா மதங்களிடமிருந்தும் அளந்துவைத்தாற்போல் ஒரே தூரத்தில் நிற்கலாம். ஒவ்வொரு மதத் தலைவருக்கும் ஒரே அளவு மரியாதை, ஒரே அளவு நேரம். தராசு நேராக இருக்கும். தட்டுகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்க்க மறந்துவிடுவார்கள்.

பெண்களின் சொத்துரிமை பற்றி எங்கள் கொள்கைக் குழு ஒரு ஆலோசனைக் கூட்டம் வைத்தது. எல்லா மதங்களிலிருந்தும் ஐந்து பெரியவர்கள். தலைவருக்கு அதில் பெருமை. வந்தவர்கள் பெயரை எழுதினேன், ஐந்தும் ஆண் பெயர். அந்த அறையில் சொத்து கிடைக்காமல் போகக்கூடிய ஒரே ஆள் நான்தான், நானோ குறிப்பெழுத வந்தவள்.

இதன் பெரிய வடிவத்தை இந்தியா பார்த்திருக்கிறது. 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், விவாகரத்தான ஷா பானோ என்ற முதிய பெண்ணுக்கு, எல்லா மதத்தவருக்கும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் உண்டு என்றது. மதத் தலைவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, நாடாளுமன்றத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் வைத்திருந்த ஆளுங்கட்சி 1986இல் அந்தத் தீர்ப்பின் பலனைச் சுருக்கும் சட்டத்தை இயற்றியது. எதிர்த்துப் பேசிய அமைச்சர் ஆரிஃப் முகமது கான் பதவி விலகினார். அதே ஆண்டு பிப்ரவரியில் அயோத்தியில் பாபர் மசூதி வளாகத்தின் பூட்டு நீதிமன்ற உத்தரவின் பேரில் திறக்கப்பட்டபோது அரசு தடுக்காமல் நின்றதைப் பலரும் இந்தத் தராசின் மறுதட்டாகவே பார்த்தார்கள். இரண்டு பக்கத் தலைவர்களையும் சமாளித்த அந்தக் கணக்கில் அந்தப் பெண் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மனிதநேயம் வேலை செய்ய வேண்டிய இடம் இது. மதங்களுக்கு இடையே நியாயம் கேட்பதோடு நிற்காமல், மதத்துக்குள் இருக்கும் தனி ஆளுக்கும் கேட்பது. அதற்கு நான் கண்ட வழி, "இந்த முடிவால் யார் வாழ்க்கை மாறும்?" என்று கேட்டு, அந்த ஆள் அறையில் இருக்கிறாரா என்று பார்ப்பது. எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு, அண்ணன்மார்களிடம் பங்கு கேட்டு வழக்கு நடத்திய இரண்டு பெண்களை அழைத்தோம். பெரியவர்களும் வந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் கொஞ்சம் குறைவாகவே பேசினார்கள்.

கூட்டணி பேசப்போகும் முன்

விட்டுக்கொடுக்க முடியாதவற்றை எழுதிக்கொண்டு போங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். பேச்சுவார்த்தை தொடங்கிய பிறகு எழுதினால், எதை ஏற்கெனவே விட்டுக்கொடுத்தோமோ அது பட்டியலில் இருக்காது. சிறிய கட்சி என்ற சாக்கு வேண்டாம்: ஐஸ்லாந்தில் 2015இல் மதநிந்தனைத் தடைச் சட்டத்தை நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்த பைரேட் கட்சிக்கு 63 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் மூன்று உறுப்பினர்கள்தான். மற்றக் கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றின.

"இதற்கெல்லாம் கட்சி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் மரியாதையான முன்னோர்கள் இருக்கிறார்கள். புரட்சியாளராகத் தொடங்கிய எம்.என். ராய் தன் கட்சியை 1948இல் கலைத்துவிட்டு மனிதநேய இயக்கமாக்கினார். அதிகாரத்தைத் தேடும் கட்சி முறையே தனிமனிதனை விழுங்கும் என்பது அவர் முடிவு. பெரியாரின் திராவிடர் கழகம் தேர்தலில் நிற்பதில்லை. அதிலிருந்து 1949இல் பிரிந்துவந்து தி.மு.க.வைத் தொடங்கிய அண்ணா, ஒன்றே குலம் ஒருவனே தேவன் என்றார். ஓட்டுக் கேட்கப் போகிறவர் தேவனோடு சமரசம் செய்துகொண்டார் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சமரசம்தான் 1967இன் திருமணச் சட்டத்தை நிறைவேற்றும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோனது என்று நான் சொல்வேன். வெளியே நின்று பேசுகிறவர் இல்லாமல் உள்ளே இருப்பவருக்குத் துணிச்சல் வராது என்பதும் உண்மைதான். நீங்கள் எந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள்.

தோற்கும்போது

நிறையத் தோற்பீர்கள். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓட்டெடுப்பு முடிவை அறிவிக்கும் முன்பே எழுந்து, "என் மறுப்பு குறிப்பில் பதிவாக வேண்டும்" என்று சொல்லுங்கள். அறிவித்த பிறகு சொன்னால் புலம்பல் என்பார்கள். காரணத்தை இரண்டு வரியில் தாளில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, குறிப்பெழுதுகிறவரிடம் கொடுங்கள். வாயால் சொன்னதை அவசரத்தில் நாங்கள் சுருக்கிவிடுவோம், என்னையும் சேர்த்துத்தான். அடுத்த கூட்டத்தில் போன கூட்டக் குறிப்பை வாசிப்பார்கள். பெரும்பாலானோர் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் காதைத் தீட்டிக் கேளுங்கள். உங்கள் மறுப்பு விடுபட்டிருந்தால் ஒப்புதல் தருவதற்கு முன் கை தூக்குங்கள். ஒப்புதல் ஆகிவிட்டால் திருத்துவது கஷ்டம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பழைய மினிட் புக்குகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். 7க்கு 23 என்று நான் தோற்றது இருக்கும் மூன்றாவது நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை. பக்கங்களுக்கு நடுவே துண்டுச் சீட்டுகள் வைத்திருப்பதாகக் கேள்வி.